சுழல் வெற்றிடப் பம்பி: தேய்வறிதலும் திருத்துதலும்

ஒன்றுமில்லாத ஒன்றை உண்டாக்குதற்கும் ஓர் இயந்திரம் வேண்டுமோ என்று மாணவர் சிலர் நகையாடுவதுண்டு. ஆயின், நம்மைச் சூழ்ந்துள்ள வளியை ஒரு பாத்திரத்தினின்றும் அகற்றுதல் எத்துணை அரிய செயல் என்பதை, அதனை ஒருமுறை செய்ய முயன்றோரே அறிவர். மணிச்சாடிக்குள் மின்மணியை ஒலிக்கச் செய்து, வளி நீங்க நீங்க அவ்வொலி தேய்ந்து மறைவதைக் காட்டும் பௌதிகவியல் ஆசிரியர்க்கும், குளிர்சாதனப் பெட்டியின் குழாய்களிலிருந்து வளியையும் ஈரத்தையும் வெளியேற்றும் தொழிலாளிக்கும், மின்மாற்றியின் எண்ணெயை ஈரமறச் செய்யும் பொறியியலாளர்க்கும் உறுதுணையாய் நிற்பது சுழல் வெற்றிடப் பம்பியாகும். அப்பம்பி தேய்வுற்றவிடத்து அத்தேய்வை அறியுமாறும், தேய்ந்த உறுப்புக்களை மாற்றுமாறும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

நோய் இன்னதென்றும், அஃது எதனால் வந்ததென்றும் தெளிந்த பின்னரே மருத்துவன் மருந்தைத் தொடுதல் வேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகையார் வற்புறுத்திய நெறி. அந்நெறி இயந்திர மருத்துவத்துக்கும் முற்றும் பொருந்தும். நன்னிலையிலுள்ள பம்பியைத் தேய்ந்ததென்று கருதிக் கழற்றிக் கெடுத்தோரும் உளர். தேய்ந்த பம்பியை நல்லதென்று நம்பிப் பிற பொருளைக் கெடுத்தோரும் உளர். இரு சாராரும் செய்த பிழை ஒன்றே: அவர்கள் அளந்து பார்த்திலர்.

மலையும் மானியும்

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் செல்லும் வீதி முடிவுறுமிடத்தில், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ளது நல்லதண்ணி என்னும் சிற்றூர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் உள்ள இவ்வூர், மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையுள்ள யாத்திரைக் காலத்தில் இரவும் பகலும் விழித்திருக்கும். அக்காலத்தில் கடைகளிலும் விடுதிகளிலும் உள்ள குளிர்சாதனப் பெட்டிகளுக்கும் ஓய்வில்லை. அவற்றுள் ஒன்று பழுதுற்றால் வணிகர்க்கு ஆண்டின் பெரும்பகுதி வருவாயைத் தரும் நாட்கள் வீணாகும்.

அத்தகைய பெட்டியொன்றைத் திருத்துதற்பொருட்டுக் கொழும்பிலிருந்து தொழிலாளி ஒருவர் தம் பம்பியுடன் மலையேறி வந்தார் எனக் கொள்வோம். அவர் கையிலுள்ள வட்டமுக மானியானது, அவ்விடத்து வெளிவளியின் அமுக்கத்தைச் சுழியமாகக் கொண்டு, அதனினும் எத்தனை அங்குல இரசம் குறைந்துள்ளது என்பதைக் காட்டுவது. கொழும்பில் அம்மானியின் முள் 30 அங்குலத்தை அண்மித்து நிற்கக் கண்ட அவர், நல்லதண்ணியில் அது 26 அங்குலத்தைக் கடவாது நிற்பதைக் காண்கின்றார். பம்பி தேய்ந்துவிட்டது என்று துணிந்து, திருப்புளியைக் கையில் எடுக்கின்றார்.

பம்பியில் யாதொரு குற்றமுமில்லை. கடல் மட்டத்தில் வளிமண்டலமானது 760 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய 30 அங்குல இரசத்தைத் தாங்கி நிற்கும். நாம் மலையேறுங்கால், முதற் சில ஆயிரம் அடிகளில், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலமாக இவ்வளவு குறையும். நல்லதண்ணியில் அது சுமார் 26 அங்குலம். 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாதமலைச் சிகரத்தில் சுமார் 23 அங்குலம். வெளியே உள்ள வளியே 26 அங்குல அமுக்கமுடையதாயின், உள்ளே வளி முற்றாக நீங்கினும் அம்மானி 26 அங்குலத்துக்கு மேற் காட்டுதல் இயலாது. தொழிலாளி குறையென்று கண்டது மலையின் இயல்பேயன்றிப் பம்பியின் குற்றமன்று.

இவ்வுண்மை புதியதன்று. 1648 ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கால் விரும்பியவாறு, அவருடைய மைத்துனர் பெரியே என்பவர் பூய் த தோம் என்னும் மலைமீது இரசக் குழாயைக் கொண்டு சென்று, அடிவாரத்தினும் உச்சியில் இரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து நிற்பதைக் கண்டார். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் நம் மாணவர் ஒருவர் பாரமானியொன்றை உடன்கொண்டு செல்வாராயின், ஏறக்குறைய அதே மூன்றங்குல வீழ்ச்சியைத் தாமும் காண்பார். பாடநூலிற் படிக்கும் பரிசோதனையொன்று நம் நாட்டு யாத்திரைப் பாதையிலேயே கிடக்கின்றது.

வட்டமுக மானிக்கு இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. குளிர்சாதனக் குழாய்களில் எஞ்சிய அமுக்கம் 500 மைக்கிரோன் அளவுக்கு, அதாவது அரை மில்லிமீற்றர் இரசத்துக்கு, இறங்குதல் வேண்டும் என்பது தொழில்வல்லார் பொதுவிற் கொள்ளும் வரையறை. நல்ல பம்பி அரை மில்லிமீற்றருக்குக் கீழே செல்லும். தேய்ந்த பம்பி ஐந்து மில்லிமீற்றரில் நின்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அங்குலத்தின் ஐந்திலொரு பங்கினும் குறைந்தது. முள்ளின் பருமனே அவ்வேறுபாட்டை மறைத்துவிடும். ஆதலின், பம்பியின் உடல்நிலையை அறிய விரும்புவோர், வெளிவளியோடு ஒப்பிடாது எஞ்சியுள்ள வாயுவின் அமுக்கத்தையே நேரே காட்டும் மானியைப் பயன்படுத்துதல் வேண்டும். பிரானி மானி இத்தகையது. மின்னோட்டத்தால் வெம்மையுற்ற மெல்லிய கம்பியொன்றிலிருந்து சூழ்ந்துள்ள வாயு எவ்வளவு வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது என்பதைக் கொண்டு அஃது அமுக்கத்தை அறிவிக்கின்றது. தொழிலாளர் கையாளும் மைக்கிரோன் மானிகளுட் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. கொழும்பாயினும் நல்லதண்ணியாயினும் 500 மைக்கிரோன் என்பது ஒரே அளவுதான்.

பம்பியின் அமைப்பு

உள்ளே வட்டமாகக் குடையப்பட்ட உலோக உடலொன்றும், அதனுட் சுழலும் உருளையொன்றும் இப்பம்பியின் தலையாய உறுப்புக்களாகும். முன்னையதை நிலைப்பகுதி என்றும் பின்னையதைச் சுழலி என்றும் கூறுவோம். சுழலியின் அச்சு, குடைவின் மையத்தில் அமையாது ஒருபுறம் விலகி அமைந்துள்ளது. அதனால் ஓரிடத்தில் சுழலியும் குடைவுச் சுவரும் ஒன்றையொன்று தொடுவன போல் நெருங்கும். எதிர்ப்புறத்தில் பிறை வடிவான வெளியிடம் தோன்றும். நெருங்கும் இடத்தின் இருமருங்கிலும் உள்வழியும் வெளிவழியும் உள்ளன. அந்நெருக்கத்தின் இடைவெளி மில்லிமீற்றரின் நூற்றிற் சில பங்கே. அதனை எண்ணெய்ப் படலம் நிரப்பி அடைக்கின்றது.

சுழலியில் வெட்டப்பட்ட பிளவுகளில் இரண்டு தகடுகள் முன்னும் பின்னும் நழுவுமாறு பொருந்தியுள்ளன. சுருள்விற்களின் விசையாலும் சுழற்சியின் விசையாலும் இத்தகடுகள் வெளியே தள்ளப்பட்டுக் குடைவுச் சுவரை உரசிச் செல்லும். ஒரு தகடு உள்வழியைக் கடக்குங்கால் அதன் பின்னுள்ள இடம் பெருகி வாயுவை உள்ளே இழுக்கும். அடுத்த தகடு வந்து அவ்வாயுவைச் சிறைப்படுத்தும். பின்னர் இடம் சுருங்கச் சுருங்க வாயு நெருக்குண்டு, எண்ணெயின் கீழ் அமைந்துள்ள வால்வைத் தள்ளித் திறந்து வெளியேறும். மின்மோட்டரோடு நேரே இணைந்த பம்பி நம் நாட்டு மின்னோட்டத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 முறை சுழலுமாதலின், ஒவ்வொரு நிமிடத்திலும் தகட்டின் நுனி சுவரில் எத்துணைத் தூரம் உரசிச் செல்லும் என்பதை மாணவர் கணித்துப் பார்ப்பாராக. தேய்வு முதலில் தோன்றுமிடம் அந்நுனியே.

ஒரு படியிற் செய்யத்தக்க வெற்றிடத்துக்கு எல்லை உண்டு. நன்னிலையிலுள்ள ஒருபடிப் பம்பி மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு வரை இறங்கும் எனலாம். அதனினும் தாழ்ந்த அமுக்கம் வேண்டுமாயின், ஒன்றன் வெளிவழி மற்றொன்றன் உள்வழியாகுமாறு இரண்டு படிகளை ஓருடலில் அமைப்பர். மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கிலுள்ள வாயுவை நல்லதண்ணியின் வெளிவளிக்குள் தள்ளுதற்கு அதனை அறுபத்தையாயிரம் மடங்குக்கு மேல் நெருக்குதல் வேண்டும் என்பதை நோக்குமிடத்து, சிறிதோர் இடைவெளியும் எத்துணைத் தீங்கு செய்யும் என்பது புலனாகும்.

எண்ணெயும் ஈரமும்

இப்பம்பியில் எண்ணெய்க்கு நான்கு பணிகள் உள. இடைவெளிகளை அடைத்தல், உராய்வைக் குறைத்தல், வெப்பத்தைக் கொண்டு செல்லல், துருவைத் தடுத்தல் என்பன அவை. மற்றை இயந்திரங்களில் எண்ணெய் துணையாக நிற்கும். இங்கே அதுவே ஓர் உறுப்பாக நிற்கின்றது. ஆகவே தேய்ந்த உறுப்புக்களுள் முதலில் மாற்றத்தக்கது எண்ணெயே.

மோட்டர் வாகனத்துக்குரிய எண்ணெயை இதற்குப் பயன்படுத்தலாகாது. அவ்வெண்ணெயிற் கலந்துள்ள பொருள்கள் வெற்றிடத்தில் ஆவியாகிப் பம்பி இறங்கத்தக்க எல்லையை உயர்த்திவிடும். வெற்றிடப் பம்பிக்கென்றே வடிக்கப்பட்ட எண்ணெயின் ஆவியமுக்கம் மிகத் தாழ்ந்தது. விலை சற்று மிகுதியாயினும், உறுப்புக்களின் விலையோடு ஒப்பிடுமிடத்து அஃது அற்பமே.

எண்ணெயின் முதற் பகை நீர். மழையும் மூடுபனியும் நீங்காத மலைநாட்டில் இதனைத் தனித்து எடுத்துரைத்தல் வேண்டும். பம்பி 70 பாகை சென்ரிகிரேட்டில் வேலை செய்கின்றது எனக் கொள்வோம். அவ்வெப்பநிலையில் நீராவி 234 மில்லிமீற்றர் அமுக்கத்தை எய்தியதும் நீராக ஒடுங்கத் தொடங்கும். நல்லதண்ணியில் வால்வு திறப்பதற்கோ 660 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். தனித்த நீராவி அவ்வளவை எய்துமுன் நீராகி எண்ணெயோடு கலந்துவிடும். அந்நீர் எண்ணெயோடு சுற்றி உள்வழியை அடைந்து மீண்டும் ஆவியாகும். பம்பி தன் வாயிலிருந்து வந்ததையே திரும்பத் திரும்ப விழுங்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் பால்போல் வெளிறும், உலோகம் துருவேறும், தகடு ஊறிப் பருக்கும்.

இதற்கு மாற்று, 1935 ஆம் ஆண்டில் ஜெர்மானிய பௌதிகவியலாளர் வொல்ப்காங் கேடே என்பவராற் காணப்பட்டது. சிறைப்பட்ட வாயு நெருக்குண்ணுங்கால், அதனுட் சிறிதளவு வெளிவளியை வேண்டுமென்றே புகவிட்டால், நீராவி ஒடுங்குமுன்னரே மொத்த அமுக்கம் போதியதாகி வால்வு திறக்கும். நீராவியும் வளியோடு கலந்து வெளியேறும். இவ்வழியைத் திறந்து மூடுதற்குரிய சிறு திருகையே தொழிலாளர் கேஸ் பலாஸ்ட் என்று வழங்குவர். ஈரமுள்ள பாத்திரத்தை வெறுமையாக்கத் தொடங்கும்போது இதனைத் திறந்துவைத்து, பெரும்பாலான ஈரம் நீங்கிய பின் மூடுதல் முறை. நாட்கணக்கிற் பயன்படுத்தாதிருந்த பம்பியையும், உள்வழியை அடைத்து, இத்திருகைத் திறந்து, அரை மணி நேரம் இயக்கினால் எண்ணெயிற் கலந்த ஈரம் பெரும்பாலும் நீங்கும். வெளிறிய எண்ணெயைக் கண்டதும் பம்பி தேய்ந்ததென்று கூறுவோர் இத்திருகின் பயனை அறியாதோராவர்.

திறக்குமுன் செய்யத்தக்க சோதனை

பம்பி போதிய வெற்றிடத்தைத் தரவில்லையென்று முறைப்பாடு எழுந்தவிடத்து, கீழ்வரும் ஒழுங்கைப் பின்பற்றுதல் நன்று.

முதலாவதாக, கண்ணாடிச் சாளரத்தினூடாக எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். தெளிந்த வைக்கோல் நிறம் நன்னிலையைக் காட்டும். பால்நிறம் ஈரத்தையும், கருமை வெப்பத்தாற் கெட்டதையும், மினுங்கும் துகள்கள் உலோகத் தேய்வையும் குறிக்கும். அளவு இரு கோடுகளுக்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, எண்ணெய் ஐயத்துக்கிடமாயின் பம்பி வெம்மையுற்றிருக்கும்போதே அதனை வடித்துவிடுக. குளிர்ந்த எண்ணெய் அழுக்கை உள்ளேயே விட்டுச்செல்லும். சிறிதளவு புதிய எண்ணெயை ஊற்றி, சில நிமிடம் இயக்கி, அதனையும் வடித்த பின்னர் உரிய அளவு நிரப்புக. மண்ணெண்ணெயாற் கழுவுவோர் உளர், அது தவறு. மூலைகளிற் படிந்து நிற்கும் மண்ணெண்ணெய் பல நாட்களுக்கு ஆவியாகிக்கொண்டேயிருக்கும்.

மூன்றாவதாக, பாத்திரத்தையும் குழாய்களையும் நீக்கிவிட்டு, பம்பியின் உள்வழியிலேயே மானியைப் பொருத்தி, வேறு வழியின்றி அடைத்து, அரை மணி நேரம் இயக்கிய பின் அமுக்கத்தை அளக்க. அமைத்தோர் கூறிய எல்லையைப் பம்பி எய்துமாயின், குற்றம் பம்பியிலன்று. பாத்திரத்திலோ குழாயிலோ மூட்டிலோ உள்ளது. இந்த ஒரு சோதனையாற் காப்பாற்றப்பட்ட பம்பிகள் பல. வெடித்த இறப்பர்க் குழாயும் தட்டையான வளையமும் செய்த பிழைக்குப் பம்பி பழி சுமத்தலாகாது.

நான்காவதாக, பம்பி நன்றெனக் கண்டபின், பாத்திரத்தை மீண்டும் இணைத்து வெறுமையாக்கி, இடைவால்வை மூடி மானியை நோக்குக. அமுக்கம் சற்று உயர்ந்து ஓரளவில் நிலைத்து நின்றால் உள்ளே ஈரம் எஞ்சியுள்ளது. நில்லாது உயர்ந்துகொண்டே சென்றால் எங்கோ கசிவு உள்ளது. குளிர்ந்த மலைநாட்டில் ஈரம் நீங்க நேரம் மிகும்; 25 பாகையில் ஏறக்குறைய 24 மில்லிமீற்றரில் கொதிக்கும் நீர், 15 பாகையில் ஏறக்குறைய 13 மில்லிமீற்றருக்கு இறங்கினாலன்றிக் கொதியாது. பொறுமையின்மையைத் தேய்வென்று கருதலாகாது.

ஒலியையும் கேட்டல் வேண்டும். மிகத் தாழ்ந்த அமுக்கத்தை எய்திய நல்ல பம்பி, வால்வில் எண்ணெய் மோதுவதால் சீரான தட்டொலியை எழுப்பும். அது நலத்தின் அறிகுறி. சீரற்ற கரகரப்போ உலோக உரசலோ எழுமாயின் உடனே நிறுத்துதல் வேண்டும்.

இவையனைத்தும் செய்த பின்னரும், எண்ணெயை இருமுறை மாற்றிய பின்னரும் பம்பி தன் எல்லையை எய்தாதாயின், அப்போதுதான் திறத்தற்கு உரிமை உண்டு.

திறத்தலும் தேய்வறிதலும்

மின்தொடர்பை நீக்கி, எண்ணெயை வடித்து, தூசற்ற மேசையில் வெள்ளைத் துணியொன்றை விரித்துக்கொள்க. கழற்றும் உறுப்புக்களைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்குக. தகடு எப்பிளவிலிருந்தது, எம்முகம் முன்னோக்கியிருந்தது என்பனவற்றைக் குறித்துக்கொள்க. இருபடிப் பம்பியாயின் ஒருபடியின் உறுப்புக்களை மறுபடியின் உறுப்புக்களோடு கலத்தலாகாது. நெடுநாள் ஒன்றோடொன்று உரசிப் பழகிய பரப்புக்கள் இடம் மாறினால் மீண்டும் பொருந்தா. இக்காலத்தில் கைத்தொலைபேசியால் ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்துக்கொள்ளுதல் எளிது. நினைவை நம்புவதினும் அது நன்று.

வால்வை முதலில் நோக்குக. மெல்லிய உருக்குத் தகடாயினும் இறப்பர் மடலாயினும், வளைவோ வெடிப்போ அழுக்கோ இருக்குமாயின் வெளியேறிய வாயு திரும்பிப் புகும். பம்பி முழுவதையும் கழற்றாமலே மாற்றத்தக்க உறுப்பு இது. குற்றமும் இதில் அடிக்கடி நேரும்.

அடுத்து, பக்கத் தட்டின் திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தித் தட்டை எடுக்க. சுழலியையும் தகடுகளையும் மெதுவாக வெளியே எடுக்குங்கால், சுருள்வில் துள்ளி ஓடாதபடி கையால் மறைத்துக்கொள்க. தகட்டின் நுனியைத் தடவிப் பார்க்க. ஒழுங்கான வளைவு இயல்பு. படியும் பள்ளமும் சில்லு பெயர்ந்த இடமும் தேய்வு. நுண்மானியால் அகலத்தையும் தடிப்பையும் பல இடங்களில் அளந்து, அமைத்தோர் விதித்த எல்லையோடு ஒப்பிடுக. எண்ணெய் பூசிய தகடு பிளவில் தன் எடையாலேயே நழுவி இறங்குதல் வேண்டும். ஆயினும் பக்கவாட்டில் ஆடுதலாகாது. நழுவாதது ஊறிப் பருத்தது, ஆடுவது தேய்ந்தது. தகடுகளையும் சுருள்விற்களையும் எப்போதும் தொகுதியாகவே மாற்றுக. புதியதொன்றும் பழையதொன்றும் இணைந்தால் விசை சமனாகாது, சுழற்சி ஆட்டங்காணும்.

குடைவுச் சுவரில் கீறல்கள் உளவோவெனப் பார்க்க. நகத்தாற் குறுக்கே வருடுகையில் நகம் தடைப்படாத கீறல் பெரும்பாலும் தீங்கற்றது. நகம் தங்கி நிற்கும் ஆழமான கீறல் இருப்பின், தகட்டை மட்டும் மாற்றுவதாற் பயனில்லை. புதிய தகட்டையும் அக்கீறல் விரைவில் தின்றுவிடும். உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்ற முயலுதல் பெரும்பிழை. சுழலியும் சுவரும் நெருங்குமிடத்து இடைவெளி விரிந்துவிடும். மணற்றுகள்களும் உள்ளே தங்கும். அந்நிலையில் உடற்பகுதி முழுவதையும் மாற்றுதலோ, பம்பியை ஓய்வுபெறச் செய்தலோதான் வழி. இதனை மறைக்காது உரிமையாளர்க்கு எடுத்துரைப்பது தொழிலறம்.

அச்சுத்தண்டு வெளிவருமிடத்தில் எண்ணெய் கசியுமாயின் அங்குள்ள அடைப்பு வளையம் கெட்டதாகும். பட்டறையில் இதனை ஒயில் சீல் என்பர். அதன் உதடு இறுகித் தேய்ந்திருப்பின் மாற்றுக. தண்டிலேயே வளையமாகப் பள்ளம் விழுந்திருப்பின் புதிய சீலும் நெடுநாள் நில்லாது. ஏனைய இறப்பர் வளையங்கள் வட்டத்தன்மை இழந்து தட்டையாகியிருக்கும். ஒருமுறை திறந்த பின்னர் அவை அனைத்தையும் மாற்றிவிடுதலே சிக்கனம். மோட்டரையும் பம்பியையும் இணைக்கும் இறப்பர் இணைப்பி பிளந்திருக்கின், பம்பியின் உள்ளே குற்றமின்றியே பேரொலி எழும். அதனையும் மறவாது நோக்குக.

மீளப் பொருத்தல்

எல்லா உறுப்புக்களையும் நூலிழை உதிராத துணியாற் துடைத்து, கரைப்பான் பயன்படுத்தியிருப்பின் முற்றாக உலரவிட்டு, புதிய வெற்றிட எண்ணெயைப் பூசுக. கரைப்பான் பயன்படுத்துமிடத்தில் தீயும் மூடிய கதவும் ஆகா. சீலை அமர்த்தும்போது அதன் உதடு எண்ணெய்ப் புறத்தை நோக்குமாறு, தட்டையான கட்டையொன்றால் ஒருசீராக அழுத்துக. திருப்புளியால் ஓரத்தைக் குத்தி ஏற்றுபவர் புதிய சீலைப் பொருத்தும்போதே கெடுத்துவிடுகின்றார். திருகாணிகளை எதிரெதிராக, பல சுற்றில், சமமாக இறுக்குக. மின் கொடுக்குமுன் தண்டைக் கையாற் சில சுற்றுச் சுழற்றிப் பார்த்தல் கட்டாயம். எங்கேனும் தடை தோன்றின் மீண்டும் கழற்றுக. மோட்டரின் வலிமை அத்தடையை வெல்லுமாயினும் தகட்டை உடைத்தே வெல்லும்.

எண்ணெய் நிரப்பி, உள்வழியை அடைத்து, கேஸ் பலாஸ்ட்டைத் திறந்து அரை மணி நேரம் இயக்குக. பின்னர் அதனை மூடி, மானியின் அளவை எழுதிக்கொள்க. புதிய தகடுகள் சுவரோடு பழகுதற்குச் சில மணி நேரம் வேண்டுமாதலின், முதல் அளவைக் கண்டு மனந்தளர வேண்டா. மறுநாள் மீண்டும் அளக்குக. பழகிய பின் எண்ணெயை ஒருமுறை மாற்றிவிடுதல் நன்று. உரசலில் உதிர்ந்த துகள்கள் அதனோடு நீங்கும்.

பம்பியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், பாத்திரத்தை முதலில் அடைத்துவிட்டு, பம்பியின் உள்வழிக்கு வளியைப் புகவிடுக. வெற்றிடத்தோடு நின்ற பம்பியில் எண்ணெய் மேலேறிப் பாத்திரத்துள் பாய்வதுண்டு. பல புதிய பம்பிகளில் இதனைத் தடுக்கும் வால்வு உள்ளதாயினும், பழக்கம் வால்வினும் உறுதியானது. இன்று வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் எளிதில் தீப்பற்றும் வாயு நிரப்பப்படுவதால், அவ்வாயுவுக்கு ஏற்றதெனக் குறிக்கப்பட்ட பம்பியையே திறந்த வெளியிற் கையாளுதல் வேண்டும் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

முடிவுரை

ஒவ்வொரு பம்பிக்கும் ஒரு சிறு குறிப்பேடு வைத்தல் வேண்டும். எண்ணெய் மாற்றிய நாள், இயங்கிய மணிகள், அடைத்த நிலையில் எய்திய அமுக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவந்தாற் போதும். அமுக்கம் மாதந்தோறும் சிறிது சிறிதாக உயர்ந்தால் அது தேய்வு. ஒரே நாளில் உயர்ந்தால் அது விபத்து. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் அனுபவமுள்ளோர்க்கே உரியது என்பர். குறிப்பேடு உடைய மாணவர்க்கும் அவ்வாற்றல் கைகூடும். உதிரி உறுப்புக்கள் கொழும்பிலிருந்தோ கடல்கடந்தோ வரவேண்டிய மலைநாட்டில், மூன்று மாதத்துக்கு முன்னரே தேய்வை உணர்ந்து வேண்டிய தகட்டை வரவழைத்தவனுக்கும், யாத்திரைக் காலத்தின் நடுவிற் பம்பி நின்றபின் திகைப்பவனுக்கும் உள்ள வேறுபாடு அவ்வேட்டில் அடங்கியுள்ளது.

வடித்த எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். வேலை முடிந்ததும் அதனை ஓடையோரத்தில் ஊற்றிவிடும் வழக்கம் உண்டு. நல்லதண்ணியைச் சூழ்ந்த மலைகளின் நீர் மஸ்கெலியா ஓயாவிற் சேர்ந்து, மவுசாகலை நீர்த்தேக்கத்தை நிரப்பி, மின்னாக்கி, களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குடிநீராகின்றது. தன் பெயரிலேயே நல்ல நீரைத் தாங்கிய ஊரில் ஒருவர் சிந்தும் எண்ணெய், அப்பம்பியைச் செய்து விற்ற நகரத்தாரின் குவளைவரை செல்லும். பழைய எண்ணெயை மூடிய கலத்திற் சேர்த்து, அதனை ஏற்பாரிடம் ஒப்படைத்தலும் திருத்தும் தொழிலின் ஒரு பகுதியே.

பட்டறைத் தொழிலைப் படியாதோர் தொழில் என்று கருதும் மனப்பான்மை நம் கல்லூரி மாணவரிடையே இன்னும் முற்றாக அகலவில்லை. பாஸ்காலின் அமுக்கமும், நீரின் ஆவியமுக்கமும், வாயுவின் வெப்பக் கடத்தலும் ஒருங்கே விளங்காதவர் இச்சிறு பம்பியைச் செவ்வனே திருத்துதல் இயலாது என்பதை மேலே கண்டோம். மேசையில் விரித்த வெள்ளைத் துணியும் கல்வியின் ஏடே. மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்து விஞ்ஞானம் பயிலும் இளைஞர் அவ்வேட்டையும் கற்பாராயின், அடுத்த யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணிக்குக் கொழும்பிலிருந்து தொழிலாளி வரவேண்டிய தேவை இராது. வரினும், முள் 26 அங்குலத்தில் நிற்பது ஏனென்று அவர்க்கு எடுத்துரைக்க அங்கே ஒருவர் இருப்பார்.